லயத்துச் சாவியை ஒப்படைக்கும் முன்

ரஹாங் வட்டாரத்திலும் சிரம்பானைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாழ்கின்ற, வாழ்ந்து வெளியேறிய குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்



கலியாண வீடாயினும் கருமாதி வீடாயினும், கோயில் திருவிழாவுக்குப் போட்ட கூடாரத்தின் கீழாயினும், நம்மவர் நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்த இடத்தில் இன்று தவறாமல் எழுகின்ற பேச்சு வீட்டைப் பற்றிய பேச்சுதான். தோட்டம் கைமாறப்போகிறதாம் என்றோ, செம்பனையை வெட்டிவிட்டுத் தாமான் கட்டப்போகிறார்களாம் என்றோ, அப்பாவுக்கு அறுபது வயது நிறைந்துவிட்டதால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆபீசிலிருந்து கடிதம் வந்துவிட்டது என்றோ ஒருவர் தொடங்க, பட்டணத்துக்குப் பக்கத்தில் மலிவு விலை அடுக்குமாடியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வதா, அல்லது தூரமானாலும் நாளானாலும் பரவாயில்லை என்று ஒரு தரை வீட்டுக்குக் காத்திருப்பதா என்று மற்றொருவர் கேட்க, அங்கே கூடியிருப்பவர்கள் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்லிக் கலைந்து போகிறார்கள். கேட்டவர் மட்டும் வீட்டுக்குப் போய் அன்றிரவும் தூங்காமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அவருக்காகவே இதை எழுதுகிறேன். என் அபிப்பிராயத்தை மறைத்து வைத்துக் கடைசியில் சொல்வதில் பயனில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்தை விட்டு வெளியேறுகின்ற குடும்பம், தன் சக்திக்கு எட்டுமானால், எவ்வளவு சிறியதாயினும் தரை வீட்டையே கேட்கவேண்டும். அதையும் ஆளுக்கு ஆள் தனித்தனியே சென்று கேளாமல், லயம் முழுவதும் ஒன்றாக நின்று கேட்கவேண்டும். கேட்டதற்குக் கிடைக்கின்ற பதிலை எழுத்தில் வாங்கி, கையெழுத்தையும் முத்திரையையும் கண்ணால் பார்த்த பிறகே, லயத்து வீட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும்.

இவ்வளவு அழுத்தமாக நான் சொல்வதற்குக் காரணம், நாம் விட்டு வருகின்ற லயத்தின் சரித்திரத்திலேயே இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் மரம் இந்த நெகிரி செம்பிலான் மண்ணில் வேரூன்றிய காலம் முதல், கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிகள் குடியேற்றப்பட்ட அந்த நீண்ட வரிசை வீடுகள், அவர்கள் செய்த வேலையோடு சேர்த்துக் கட்டப்பட்டவை. வேலை உள்ளவரை வீடு உண்டு, வேலை போனால் வீடும் போயிற்று. அதிகாலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது குரல் கொடுக்க ஒருவராவது வீட்டில் இருந்தால்தான் அந்தக் கூரை நிலைக்கும் என்ற காரணத்தால், பட்டணத்தில் தொழில் கற்கப் புறப்படவேண்டிய எத்தனையோ பிள்ளைகள், தகப்பனார் ஓய்வு பெறும் வருஷத்தில் பால் வாளியைக் கையில் எடுத்தார்கள். 2013 ஜூலை முதல் தனியார் துறையில் ஓய்வு பெறும் குறைந்தபட்ச வயது அறுபது என்று ஆனபோது, நம் தோட்டத்துப் பெரியவர்கள் அதில் கண்ட முதல் லாபம் இன்னும் சில வருஷச் சம்பளம் அன்று. இன்னும் சில வருஷம் அதே அஞ்சடியில் உட்கார்ந்திருக்கலாம் என்பதேயாகும்.

சட்டம் நமக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். தொழிலாளர் குடியிருப்பைப் பற்றிய 1966ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும், முதலாளி தரும் வீட்டில் குடிநீர், வெளிச்சம், கழிப்பிடம், குழந்தைகளுக்கு ஆயாக்கொட்டகை முதலிய வசதிகள் இருக்கவேண்டும் என்று விதித்தன. நம் தாய்மார்கள் பொதுக் குழாயில் வரிசை நின்ற காலம் ஓரளவுக்கு மாறியதும் அதனால்தான். ஆனால் அந்த விதிகள் யாவும் வீடு எப்படி இருக்கவேண்டும் என்பதைப் பற்றியவை. வீடு யாருடையது என்ற கேள்வியை அவை தொடவேயில்லை. வேலை நிறுத்தப்படும்போது தரவேண்டிய ஈட்டுத்தொகையைப் பற்றி 1980ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகவே பேசுகின்றன: இரண்டு ஆண்டுக்கு உட்பட்ட சேவைக்கு ஆண்டொன்றுக்குப் பத்து நாள் சம்பளம், ஐந்து ஆண்டுக்கு உட்பட்டதற்குப் பதினைந்து நாள், அதற்கு மேற்பட்டதற்கு இருபது நாள். முப்பது ஆண்டு மரம் சீவியவருக்கு 600 நாள் சம்பளம் கிடைக்கும் என்று கணக்கு வருகிறது. அதே முப்பது ஆண்டு அவர் பெருக்கிக் கோலம் போட்ட வாசலுக்கு அந்த விதியில் ஒரு வரியும் இல்லை. ஆகவே நம் ஜனங்களுக்கு வேலை போவதும் வீடு போவதும் ஒரே கடிதத்தில் வருகின்றன. கையில் ஈட்டுத்தொகையும் தலைக்கு மேல் அவசரமுமாக, ஏதோ ஒன்று கிடைத்தால் போதும் என்ற மனநிலையில், நாம் வாழ்நாளின் மிகப் பெரிய கொள்முதலைச் செய்கிறோம்.

நிலம் நம்முடையதாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுக்கொண்டு போனபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றதனால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்தன; 1951 முதல் 1960 வரை நடந்த அந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் ஆராய்ந்து எழுதிய அறிக்கை இன்றும் நம் துயரத்துக்கு ஓர் அத்தாட்சியாக இருக்கிறது. அந்த வேளையில்தான் துன் வீ. தி. சம்பந்தன், தோட்டந்தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், விற்கிற தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று சொல்லி, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் அதன் முதல் கொள்முதல். கூட்டாகச் சேர்ந்தால் ஒரு தோட்டத்தையே வாங்கலாம் என்று காட்டிய அந்த மகத்தான பிரயாசையை நான் நன்றியோடு நினைக்கிறேன். இருந்தும், தோட்டத்தில் பங்கு உடையவராக ஆன ஒருவருக்குத் தாம் குடியிருக்கும் வீட்டில் பாத்தியதை தானாக வந்துவிடவில்லை. 1970களில் தோட்டத் தொழிலாளர்க்குச் சொந்த வீடு என்று அரசாங்கம் ஒரு திட்டத்தை முன்வைத்தபோதும், தோட்டத்தின் ஓர் ஓரத்தில் நிலத்தை ஒதுக்கித் தருவது முதலாளியின் மனவிருப்பத்தைப் பொறுத்ததாகவே பெரும்பாலும் இருந்தபடியால், அது சில இடங்களில் முளைத்துப் பல இடங்களில் முளையாமலே போயிற்று.

இனி டெங்கிலைப் பற்றிச் சொல்கிறேன்; இதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது, ஏனெனில் நாம் எடுக்கப்போகும் முடிவுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் வேறில்லை. 1995இல் புதிய நிர்வாகத் தலைநகரம் அமைக்கும் வேலை தொடங்கியபோது, அதற்கென எடுக்கப்பட்ட நிலத்தில் பிராங் பெசார், மெடிங்லி, கேலவே, செட்ஜ்லி என்ற நான்கு தோட்டங்களின் ஜனங்கள் இருந்தார்கள். பிராங் பெசார் என்பது சாமானியமான தோட்டமன்று. முதல் உலக யுத்தத்தில் போரிட்டுத் திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகள் உருவாக்கியது. உயர்ந்த பால் தரும் ஒட்டு ரப்பர் இனங்கள் பலவற்றைக் கண்டுபிடித்து உலகத்துக்குக் கொடுத்தது. நம்மில் மரம் சீவியவர்கள் பி.பி. என்று இரண்டெழுத்தில் அறிந்த மரங்களெல்லாம் அங்கே பிறந்தவையே. அப்படிப்பட்ட மண்ணில் தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்கள், 1990களின் பிற்பகுதியில் டெங்கிலிலுள்ள தாமான் பெர்மாத்தா என்ற மலிவு விலை அடுக்குமாடிக்குக் கொண்டுபோகப்பட்டன. பிறகு தரை வீடு கட்டித் தருவோம் என்று அப்போது தங்களுக்கு வாக்களிக்கப்பட்டது என்று அந்த மக்கள் சொல்கிறார்கள். சில ஆண்டுகளுக்குள் சுவர்கள் வெடித்தன. படிக்கட்டிலும் தூணிலும் விரிசல் ஓடிற்று. குழந்தைகளாக அங்கே போனவர்கள் தாங்களே குழந்தை பெற்று வளர்த்த பிறகும், தரை வீட்டுக்கான மனு கைமாறிக்கொண்டே இருந்தது. தேர்தலுக்குத் தேர்தல் வந்தவர்கள் அந்த விரிசல்களைப் படம் பிடித்துப் போனார்கள். பளிங்குக் கட்டடங்களும் ஏரியும் பாலங்களுமாக நிற்கும் நகரத்தின் அடியில் தங்கள் லயம் இருந்த இடத்தைக் கைகாட்டிச் சொல்லக்கூடிய முதியவர்கள், சில மைல் தூரத்தில் ஓர் அடுக்குமாடியின் இருண்ட நடைபாதையில் அமர்ந்திருந்தார்கள்.

அவர்கள் தவறு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நம்பினார்கள், பெரிய மனிதர்கள் மேடையில் நின்று சொன்னால் அது நடக்கும் என்று எண்ணுகின்ற பண்பு நம் தோட்டத்து ஜனங்களுக்கு இரத்தத்தில் உள்ளது. கிராணி சொன்னதையும் தண்டல் சொன்னதையும் கேட்டே நூறு ஆண்டு வாழ்ந்த சமூகம், வாய்ச்சொல்லையே பத்திரமாக எண்ணிவிட்டது. வீட்டை விட்டு இறங்குவதற்கு முன் கையிலிருந்த ஒரே பலம், இறங்காமல் இருப்பது. இறங்கிய மறுநாள் அந்தப் பலம் போயிற்று.

இதற்கு மாறான உதாரணங்களும் உண்டு. கோலாலம்பூரில் புக்கிட் ஜாலில் தோட்டத்து மக்கள், அடுக்குமாடி வீடு தருகிறோம் என்று சொன்னபோது, பெரிய தோட்டமாக இருந்த அந்த நிலத்தில் எங்களுக்கு நான்கு ஏக்கர் மட்டும் ஒதுக்குங்கள், தரை வீடு கட்டிக்கொள்கிறோம் என்று கேட்டு, இடிக்க வந்த இயந்திரங்களின் முன் நின்றார்கள். உலு சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மிஞ்ஞாக் என்ற ஐந்து தோட்டங்களின் குடும்பங்கள், ஐந்தும் ஒரே குரலாக நின்று பல்லாண்டுகள் கேட்டதன் விளைவாக, பெஸ்தாரி ஜெயாவில் 245 தரை வீடுகள் கட்டும் திட்டத்துக்கு அண்மை ஆண்டுகளில் அரசாங்கம் இசைந்தது. காலம் கடந்துதான் வந்தது. கேட்கத் தொடங்கியவர்களில் சிலர் பார்க்காமலே போய்விட்டார்கள் என்பதும் உண்மை. ஆயினும் ஐந்து தோட்டங்கள் ஐந்து கட்சிகளாகப் பிரிந்திருந்தால் அந்த 245 என்ற எண் எந்தக் காகிதத்திலும் ஏறியிருக்காது.

கடல் கடந்த நம் உறவினரையும் பாருங்கள். இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்ட லயங்களில் நம்மைப் போலவே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்கள், தங்களுக்கு வேண்டியது தனி வீடும் அதனடியில் தங்கள் பெயரில் நிலமும் என்பதில் உறுதியாக நின்றார்கள். ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்ற அளவில் இந்திய உதவியோடு முதலில் 4,000 வீடுகளும், 2017இல் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும் என்று அந்தத் திட்டம் விரிந்தது. ஏழு பேர்ச்சஸ் என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதில் வீடு போக நான்கு வாழையும் ஒரு மாட்டுக் கொட்டிலும் வைக்கலாம். அந்த அளவைக் கேட்டுப் பெறுவதற்கு அவர்கள் எத்தனை காலம் பேசவேண்டியிருந்தது என்பதை நினைத்தால், நாம் இன்னும் பேசத் தொடங்கவே இல்லையோ என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுக்குமாடி என்றாலே கேடு என்று சொல்வதும் நியாயமாகாது. ஜொகூர்ப் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில், 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது முதல் கட்டிய அடுக்குமாடிகளில் அந்நாட்டு ஜனங்களில் ஐந்தில் நான்கு பங்கினர் அளவுக்கு வாழ்கிறார்கள். நம் சொந்தக்காரர்கள் அங்கே பன்னிரண்டாவது மாடியில் பொங்கல் பொங்கி, தீபாவளிக்கு விளக்கேற்றி, பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கியிருக்கிறார்கள். அங்கே மின்தூக்கி பழுதானால் அதைப் பழுதுபார்க்க நகர மன்றம் இருக்கிறது. அதற்குப் பணமும் அதிகாரமும் இருக்கின்றன. கட்டடத்துக்கு வயதானால் அதைப் புதுப்பிக்க அரசாங்கம் செலவிடுகிறது. நம் மலிவு விலை அடுக்குமாடியிலோ அந்தப் பொறுப்பு முழுவதும் குடியிருப்பவர்களின் தலையில் வந்து விழுகிறது. 2015 ஜூன் முதல் நடப்பிலுள்ள அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி, வீட்டுச் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் கட்டவேண்டும். அதில் நூற்றுக்குப் பத்து வீதம் சேமநிதியாகத் தனியே கட்டவேண்டும். கட்டடத்துக்குச் சாயம் பூசுவதும், தண்ணீர்த் தொட்டி மாற்றுவதும், மின்தூக்கி மாற்றுவதும் அந்தச் சேமநிதியிலிருந்துதான். பாதிப்பேர் கட்டாமல் விட்டால், கட்டிய பாதிப்பேரும் படியேறவேண்டியதுதான். சாவி வாங்கும் நாளில் இந்தக் கட்டணத்தைப் பற்றி யாரும் நம் ஜனங்களுக்கு விளங்கச் சொல்வதில்லை. லயத்தில் கூரை ஒழுகினால் ஆபீசில் சொல்லிப் பழகியவர்கள், இங்கேயும் யாரோ வருவார்கள் என்று காத்திருந்து, மூன்றாம் வருஷம் இருட்டு மாடிப்படியில் கைப்பேசி வெளிச்சத்தில் ஏறுகிறார்கள்.

அந்த மாடிப்படியை நான் நேரில் கண்டிருக்கிறேன். மின்தூக்கி இல்லாத பழைய அடுக்குமாடி ஒன்றின் நான்காம் மாடியில், நாற்பது ஆண்டுக்கு மேல் பால் மரம் சீவிய ஒரு தாயார் மகனோடு வாழ்ந்தார். தோட்டத்தில் இருந்தவரை விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தூக்கி மேடு பள்ளம் நடந்தவர் அவர். முழங்கால் தேய்ந்த பிறகு நான்கு மாடி இறங்குவது என்பது அவருக்கு மாதம் ஒருமுறை, மருந்து வாங்கும் நாளில் மட்டும் நடக்கிற காரியமாயிற்று. இறங்கும்போது ஒவ்வொரு தளத்திலும் மதிற்சுவரைப் பிடித்து நின்று மூச்சு வாங்குவார். ஏறும்போது இரண்டாம் மாடியில் யார் வீட்டு வாசலிலோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள், அதில் உட்கார்ந்துகொள்வார். அந்த நாற்காலியைப் போட்டது ஒரு மலாய்க் குடும்பம், அவருக்கென்றே போட்டது. ஜன்னல் கம்பியில் கட்டிய பழைய பால் டின்னில் கறிவேப்பிலையும் பாண்டானும் வளர்த்தார். அவர் காலமானபோது, பெட்டியை அந்தப் படிக்கட்டின் திருப்பத்தில் திருப்ப முடியாமல், ஆறு பேர் தலைக்கு மேல் தூக்கிச் செங்குத்தாக நிறுத்தி இறக்கியதைப் பார்த்த பெண்கள், அழுகையினூடே கண்ணை மூடிக்கொண்டார்கள். கார் நிறுத்துமிடத்தில் போட்ட கூடாரத்தில், கார்க்காரர்கள் வேலைக்குப் போகும் நேரத்துக்குள் தேவாரமும் சடங்கும் முடிக்கப்பட்டன. வீடு வாங்குகிறவர்கள் அறை எத்தனை, சதுர அடி எத்தனை என்று கேட்கிறார்கள்; பிறப்பும் பூப்பும் கலியாணமும் சாவும் எந்த இடத்தில் நடக்கும் என்றும் கேட்டுப் பார்க்கவேண்டும்.

தரை வீட்டிலும் கஷ்டம் உண்டு. அதை மறைத்தால் நான் உங்களுக்கு உண்மையாக இருந்தவனாக மாட்டேன். இன்று நம் வருமானத்துக்கு எட்டுகின்ற தரை வீடுகள் ரஹாங்கிலோ ரசாவிலோ இல்லை. பட்டணத்திலிருந்து விலகி, லாபு, மந்தின், செண்டாயான் பக்கமாக, நேற்றுவரை மரங்கள் நின்ற நிலங்களில் எழும் புதுத் தாமான்களில் இருக்கின்றன. அங்கே பஸ் அருமை; இரண்டு மோட்டார் சைக்கிளாவது இல்லாமல் வாழ முடியாது; செனவாங் தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போகிற மகளை யார் கொண்டுபோய் விடுவது என்ற கவலை தினமும் இருக்கும். ஓடு உடைந்தாலும் கரையான் அரித்தாலும் சொந்தக் கைக்காசுதான். குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளியாக உயர்ந்தபோதிலும், அந்தச் சம்பளம் ஒன்றை மட்டும் நம்பி முப்பத்தைந்து ஆண்டுக் கடனில் தரை வீடு வாங்க எந்த வங்கியும் எளிதில் இசையாது. பிள்ளைகளின் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டவேண்டியிருக்கும், பிறகு அந்தப் பிள்ளைகள் தங்களுக்கென்று வீடு வாங்கும் காலத்தில் இந்தக் கடன் குறுக்கே நிற்கும். சிறுநீரக நோயால் வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகவேண்டிய ஒருவர் வீட்டில் இருந்தால், ஜாலான் ரசாவிலுள்ள துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கு அருகில், அடுக்குமாடியின் தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைப்பதே அக்குடும்பத்துக்கு உத்தமம். அங்கே என் பொதுவான அபிப்பிராயத்தைத் தள்ளி வைத்துவிடுங்கள். தமிழ்ப்பள்ளி எவ்வளவு தூரம் என்பதும் அப்படியே. தாமானைப் பார்க்கப் போகும் அன்றே, காலை ஏழு மணிக்கு அங்கிருந்து பள்ளிக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். மாலை நாலு மணிக்குத் தரகரோடு காரில் போய்ப் பார்ப்பதால் தூரம் தெரியாது.

இத்தனையும் எடை போட்ட பிறகும் தரை வீட்டின் பக்கமே நான் சாய்கிறேன் என்றால், நம்மிடம் கூடம் கட்டவும் வேறு அறை சேர்க்கவும் பணம் இருக்கிறது என்பதனாலன்று. கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது என்பதனால். லயத்துப் பின்புறத்தில் தகரமும் பலகையும் சேர்த்து அடுப்படி நீட்டியவர்கள் நாம். கோழிக்கூடும் முருங்கையும் வைத்து மாதத்தில் பத்து நாள் கறிச்செலவை மிச்சப்படுத்தியவர்கள். இந்தச் சாமர்த்தியம் தரையில் மதிப்புடையது; மாடியில் அது விதிமீறல் என்று நோட்டீஸ் வாங்கித் தரும். மகனுக்குக் கலியாணமானால் பின்னால் ஓர் அறை இழுக்கலாம். மருமகள் வாசலில் இட்லி வியாபாரம் செய்யலாம். கைகால் விழுந்த பெரியவரைச் சக்கர நாற்காலியில் தெருவுக்குத் தள்ளி வந்து நாலு மனிதரைப் பார்க்கச் செய்யலாம். இவையெல்லாம் சாதாரண சௌகரியங்கள்தாம். ஆனால் நம் ஜனங்களின் வயோதிகம் இவற்றில்தான் கழியும்.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். தோட்டம் கைமாறுகிறது என்ற வதந்தி எழுந்தவுடனேயே, உத்தரவு வரும்வரை காத்திராமல், குடும்பத் தலைவர்களும் தலைவிகளும் கோயில் மண்டபத்தில் ஒருநாள் கூடுங்கள். யார் யார், எத்தனை ஆண்டுச் சேவை, எந்த வீட்டு எண் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். ஓய்வு பெற்றவர்களையும், காண்டிராக்டில் வேலை செய்கிறவர்களையும் அந்தப் பட்டியலில் விட்டுவிடாதீர்கள், ஏனெனில் பேச்சு வார்த்தையில் முதலில் கழற்றிவிடப்படுகிறவர்கள் அவர்களே. 1954 முதல் உள்ள தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்திடமும் போங்கள், சட்டமன்ற உறுப்பினரிடமும் போங்கள், யாரிடம் வேண்டுமானாலும் போங்கள். ஆனால் ஒரே பட்டியலோடு, ஒரே கோரிக்கையோடு போங்கள். வீடுகள் ஒரே தெருவில் அமையவேண்டும், கோயிலுக்கும் பாலர் பள்ளிக்கும் ஓர் இடம் வரைபடத்திலேயே குறிக்கப்படவேண்டும் என்றும் அந்தக் கோரிக்கையில் எழுதுங்கள். பட்டியலில் முதல் பத்துப் பேருக்கு மட்டும் நல்ல வீடு என்று யாராவது தனியாக அழைத்துப் பேசினால், அந்தப் பேச்சை மறுநாளே எல்லோர் முன்னும் சொல்லிவிடுங்கள்.

வாங்கப்போவது கட்டி முடியாத வீடானால், விற்பனை ஒப்பந்தத்தில் தரை வீட்டுக்கு 24 மாதம், அடுக்குமாடிக்கு 36 மாதம் என்று கெடு எழுதியிருக்கும். சாவி கிடைத்த பிறகு 24 மாதம்வரை விரிசல், ஒழுகல் முதலியவற்றைக் கட்டியவரே சீர்செய்து தரவேண்டும் என்றும் அதில் உண்டு. அந்த இருபத்துநான்கு மாதத்தில் ஒரு மழைக்காலத்தையாவது கவனமாகப் பார்த்து, கண்ட குறையைக் கடிதமாகவே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஊழியர் சேமநிதியில் வீட்டுக்கென எடுக்கலாம் என்பதற்காக எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிடாதீர்கள். வீடு இருந்து அரிசிக்குப் பணமில்லாத முதுமை கொடியது.

ஏற்கெனவே அடுக்குமாடிக்குப் போய்விட்ட குடும்பங்களிலுள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் தனியாக ஒரு சொல். உங்கள் கட்டடத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு நீங்கள் போவதில்லை. கட்டணத்தில் பாக்கி வைத்திருப்பவர்கள் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாகத் தீர்க்காவிட்டால் ஓட்டுப் போட முடியாது என்பது சட்டம். ஆகவே அந்தக் கூட்டத்தில் நம்மவர் பலர் வாயில்லாதவர்களாகிறார்கள், நிர்வாகக் குழு நாலு பேர் கையில் போகிறது. நீங்கள் கணக்குப் படித்தவர்கள். பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போய் உட்காருங்கள், குழுவில் நில்லுங்கள், வரவு செலவைக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் இரண்டரை லட்சம் வெள்ளிவரையிலான வழக்குகளை விசாரிக்கும் அடுக்குமாடி நிர்வாக நடுவர் மன்றம் இருக்கிறது, சாதாரண மனிதரே போய் மனுச் செய்யலாம். உங்கள் அம்மா ஏறுகிற படிக்கு விளக்குப் போட வைப்பது இந்தத் தேசத்தில் இன்று உங்களால் முடிகிற காரியம்.

கடைசியாக, பத்திரத்தில் யார் பெயர் எழுதுவது என்ற விஷயம். நம் வழக்கத்தில் அப்பா பெயரோ மூத்த மகன் பெயரோ மட்டும் ஏறுகிறது. தோட்டத்தில் மரம் சீவியவர்களில் பெண்கள் ஆண்களுக்குக் குறைந்தவர்களல்லர். வீட்டுக்குக் கட்டிய முன்பணத்தில் அவர்களுடைய சேமநிதியும் கலந்திருக்கிறது. அப்பா காலமானபின், அவர் ஒருவர் பெயரிலுள்ள வீடு, நில அலுவலகத்தில் விசாரணை முடியும்வரை அசைக்க முடியாமல் நின்று, அந்த இடைக்காலத்தில் அண்ணன் தம்பிகள் பேசாமல் போன குடும்பங்களை நம் வட்டாரத்திலேயே கண்டிருக்கிறோம். இருவர் பெயரிலும் எழுதலாம்; வங்கியும் வழக்கறிஞரும் அதற்குத் தடை சொல்வதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போகும் நாளில் அம்மாவையும் கூட அழைத்துக்கொண்டு, அவருடைய அடையாள அட்டையையும் மறவாமல் எடுத்துப் போங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்,
தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவன்